‘காணும்’ என்று சொல்லாதவர்

“…நானில்லை அண்ணை, உள்ளாள்தான் சொல்லிப்போட்டான். அவன் செய்த பிழைக்கு அவனை வைச்சிருக்கிற நான்தானே பொறுப்பு. ரண்டு பேரும் வெளிக்கிடுறம். நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ.”

நெற்களத்தின் நடுவில் நின்று அவர் இப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். தலையில் துவாய், தோளெல்லாம் வைக்கோல் தூசி, உதட்டோரத்தில் வெற்றிலைச் சாறு. அவர் சொன்னது பச்சைப் பொய். அந்தச் சொல்லை அவரும் சொல்லவில்லை, அவருடைய உள்ளாளும் சொல்லவில்லை. சொன்னவர் வேறு ஆள். அதற்கு வருகிறேன். முதலில் இந்த உள்ளாள் யார் என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மனுசனைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். மற்றப் பாதி அவருடைய சொந்தக்காரர்; அவர்கள் நினைக்கவில்லை, முடிவே கட்டியிருந்தார்கள்.

தர்மபுரம் பக்கத்தில் காடு வெட்டிக் காணி கொடுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள். அவருடைய வயலுக்கும் என்னுடைய வயலுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். அவர் அந்தக் கரையில் நின்று கதைக்கத் தொடங்கினால், இந்தக் கரையில் என் வயல் நிரம்பி, வரம்பு உடைந்து, அடுத்தவன் வயலும் நிரம்பிவிடும். அப்படியும் நான் கேட்டுக்கொண்டுதான் நிற்பேன்.

உள்ளாள் என்றால் மண்டைக்குள் இருக்கிறவன். நீங்களும் நானும் மூளை என்கிறோமே, அதை அவர் ஓர் ஆளாக்கி வைத்திருந்தார்.

“மூளை எண்டு சொன்னால் ஆட்டு மூளை மாதிரி ஒரு சாமான் எண்டு நினைப்பியள். அவன் சாமான் இல்லைத் தம்பி, ஆள். வீடு என்ரை பேரிலை. குடியிருக்கிறது அவன். வாடகையும் இல்லை, சொல்வழியும் கேளான். எழுப்பவும் ஏலாது.”

கடைக்குப் போனால் வாங்க வந்த சாமான் அவருக்கு மறந்துபோகும். மற்றவர்கள் என்றால் கண்ணை மூடி, நெற்றியில் தட்டி, கடைக்காரரின் பொறுமையைச் சோதிப்பார்கள். இவர் தேடவே மாட்டார். “தேடினால் ஒளிப்பான். நான் தேவையில்லாத மாதிரிப் போறன், தானாய்க் கொண்டந்து தருவான்” என்று சைக்கிளை எடுத்துவிடுவார். அரை மைல் போனபின், ஒரு குருவியும் இல்லாத றோட்டில், பிரேக்கை இறுக்கிப் பிடித்து, “பெருஞ்சீரகம்!” என்று கத்துவார். பிறகு சந்தோஷமாகத் திரும்பிக் கடைக்குப் போவார். றோட்டால் வருகிற எங்களுக்குப் பழகிவிட்டது.

ஒருமுறை பிள்ளையார் கோயிலில், தீபாராதனை நேரம், மணி ஓய்ந்து எல்லாரும் கைகூப்பி நிற்கிறோம். உள்ளாள் அந்த நேரம் பார்த்துத்தான் காலையில் கேட்ட சாமானைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். “நல்லெண்ணெய்!” என்று ஒரு சத்தம். பூசகர் திடுக்கிட்டு விளக்கைப் பார்த்தார், ஓடிப்போய்ப் போத்தலை எடுத்துவந்து வழிய வழிய ஊற்றினார். அதற்குப் பிறகு இவர் கோயில் வாசலில் கால் வைத்தால் பூசகர் முதலில் விளக்கைத்தான் பார்ப்பார், பிறகுதான் சாமியை.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் சரியென்று நான் சொல்லவரவில்லை. எரிக்கிற வெயிலிலும் தலையில் துவாய் சுற்றியிருப்பார். கேட்டால், உள்ளாளுக்குத் தடிமன் பிடிக்குமாம். இடப்பக்கம் சரிந்து படுத்தால் அவன் காது வழியாக எட்டிப் பார்ப்பானாம். சிலது இப்படி. ஆனால் சிலது, பிற்காலத்தில் சாமான் சுற்றிவந்த பேப்பர்களையும் கையில் அகப்பட்ட புத்தகங்களையும் வாசிக்க வாசிக்க, “அட, இது எங்கடை ஆள் சொன்னதெல்லே” என்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்திருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தைப் பாருங்கள். வரம்பில் குந்தி யோசித்துக்கொண்டே இருப்பார், பிறகு வந்து சாப்பாட்டுக் கோப்பையில் கோபுரமாகக் குவித்துச் சோறு வெட்டுவார். அவருடைய மனுசி, என் வாழ்க்கையில் நான் கண்ட மிகச் சுருக்கமான நாக்கு அவாவுடையது, “மண்வெட்டி பிடிச்சவன் இவ்வளவு தின்னேல்லை, வானம் பார்த்தவருக்கு என்ன பசி?” என்று கேட்பா.

“எனக்கில்லையப்பா, உள்ளாளுக்கு. சும்மா இருக்கிற நேரந்தான் அவன் கூடுதலாய்த் தின்னுவான்.”

நாங்கள் சிரித்தோம். நாம் சாப்பிடுவதில் ஐந்தில் ஒரு பங்கை இந்த மண்டைக்குள் இருக்கிற சின்ன உருண்டை ஒன்றே தின்றுவிடுகிறது என்று வாசித்த அன்று நான் தனியாக இருந்து சிரித்தேன். அவாவுக்குச் சொல்லவேண்டும் என்று ஆசையாக இருந்தது. சொல்லியிருந்தாலும், “அப்ப அவனை ஒருநாள் வரம்பு கட்ட வரச் சொல்லுங்கோ” என்றுதான் சொல்லியிருப்பா.

முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவருகிற, சொந்தத் தோணி வைத்திருந்த ஒரு சம்மாட்டியார் இருந்தார். கழுத்தில் சிலுவை, வாயில் எந்நேரமும் மாதா பெயர். தோணிக் கயிறு இறுக்கி வலக்கையில் இரண்டு விரல் போன மனிதர். ஒருநாள் தராசைக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்ன, நோகுதோ?” என்றார் இவர்.

“சொன்னால் சிரிப்பியள் ஐயா. இல்லாத விரல் கடிக்குது. சொறியவும் இடமில்லை. மனுசிக்குச் சொன்னால், குடிச்சிட்டியோ எண்டு கேக்கிறாள்.”

எங்கள் ஆள் சிரிக்கவில்லை. அவருடைய கையைப் பிடித்து, விரல் இருந்திருக்கவேண்டிய வெறும் இடத்தில் நகத்தால் மெதுவாகச் சொறியத் தொடங்கினார். “இதிலையோ?”

“கொஞ்சம் கீழை… ஓம் ஓம்… அதுதான், மாதாவே!”

வாசல் படலையடியில் நின்று இரண்டு பெரிய மனிதர்கள், ஒருவர் காற்றைச் சொறிய, மற்றவர் கண்ணை மூடிச் சுகம் காண, மனுசி சுளகோடு வெளியே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனா. அவா ஒன்றும் சொல்லாமல் போனதை நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

“இதொண்டும் பைத்தியமில்லைச் சம்மாட்டியார். விரல் போனது கைக்குத் தெரியும். உள்ளாளுக்கு ஒருத்தரும் போய்ச் சொல்லேல்லை. அவன் இன்னும் பழைய கணக்கிலைதான் இருக்கிறான்.”

அன்றைக்குக் கருவாட்டில் ஒரு பிடி கூடுதலாக விழுந்தது.

இனிக் கடாக்கார அண்ணை. எங்கள் பகுதியில் அறுவடைக் கதிர் மிதிக்கிற எருமைக் கடாக்கள் அவரிடம் மட்டும்தான் இருந்தன. கொம்பு மாதிரி மீசை. சிரிக்கமாட்டார். சிரித்தால் கடா மதியாது என்பது அவருடைய கொள்கை.

ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் எங்கள் ஆள் சும்மா இருக்காமல், “அண்ணை, உங்களுக்கு நீங்களே கிச்சுக்கிச்சு மூட்ட ஏலாது, தெரியுமோ?” என்றார்.

“ஏன் ஏலாது? என்ரை கை, என்ரை கமக்கட்டு.”

“மூட்டிப் பாருங்கோவன்.”

கடாக்கார அண்ணை கையை விட்டார். ஒன்றுமில்லை. மற்றக் கமக்கட்டு. ஒன்றுமில்லை. காலைத் தூக்கி வாங்குப் பலகையில் வைத்து உள்ளங்காலைச் சுரண்டினார். அந்த மீசையோடு, அந்த முகத்தோடு, நீதவான் மாதிரி இருந்து தன்னைத்தானே சுரண்டுகிற மனிதரைப் பார்த்துக் கடை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

“ஒண்டுமில்லையடாப்பா” என்றார், உண்மையான கவலையோடு. “நரம்பிலை ஏதும் பிழையோ?”

“பிழையில்லை. உங்கடை கை வெளிக்கிட முதலே உள்ளாளுக்கு அறிவிச்சுப்போடும். சொல்லிப்போட்டு வாற விருந்தாளிக்கு ஆர் திடுக்கிடுவினம்?” என்று சொன்னபடியே இவர் பின்பக்கம் போய், ஒரு வைக்கோலை எடுத்துக் கடாக்கார அண்ணையின் பிடரியில் ஒரு தடவு தடவினார்.

குமர்ப்பிள்ளை மாதிரி ஒரு கெக்கட்டம்! அந்த மீசைக்குள்ளிருந்துதான் வந்தது என்று நம்ப எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெளியே கட்டியிருந்த கடாகூடத் தலையைத் திருப்பிப் பார்த்தது. கடாக்கார அண்ணை தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார். அன்றிலிருந்து இவர்மேல் மனதில் ஒரு கறள்.

கறள் இருந்தால் இருக்கட்டும் என்று விட ஏலாது. கதிரை வெட்டிக் குவித்து வைக்கிறதைத்தான் சூடு என்போம். அதைக் களத்தில் பரப்பிக் கடாக்களைச் சுற்றிச்சுற்றி நடக்கவிட்டால்தான் மணி கழலும். முதலில் கடாக்கார அண்ணையின் சூடு. எல்லாரும் போய் வேலை செய்வோம். பிறகு கடாக்கள் எங்கள் சூடுகளுக்கு முறை முறையாக வரும். கடைசி முறை எங்கள் ஆளுக்கு, அவருடைய வயல் காட்டோரத்தில் இருந்தபடியால். காட்டோரம் என்றால் யானை. போன போகத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இந்தச் சூட்டுக்குள்தான் அந்த வீட்டின் அடுத்த போகம் வரைக்குமான சோறு இருந்தது. மனுசி யானை விரட்டத் தகரமும் தடியுமாகச் சூட்டடியிலேயே குடியிருந்தா.

களத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. செருப்போடு ஏறக்கூடாது, துப்பக்கூடாது, வாயில் வந்ததைக் கதைக்கக்கூடாது. நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்று சொல்லவேண்டும். ‘இல்லை’, ‘முடிஞ்சுது’ ஒன்றும் ஆகாது. எல்லாவற்றிலும் பெரிய குற்றம் ‘காணும்’ என்கிற சொல். போதும் என்கிறதைத்தான் நாங்கள் காணும் என்போம். அதைச் சொன்னால், பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கிற பூதம், ‘இவங்களுக்குக் காணுமாம்’ என்று மிச்சத்தை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். சொன்னவன் களத்தைவிட்டு இறங்கவேண்டும்.

அதற்கு முந்தின வருஷம் எங்கள் ஆள் இறங்கினார். யாரோ அவருக்குத் தேத்தண்ணி வார்க்க, வாய் தன்பாட்டில் “காணும்” என்றுவிட்டது. பின்னேரம் காலமில்லாத மழை வந்து பொலி நனைந்தது. மழைக்கும் அவரே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று.

“இந்த முறை நீ வாய் திறந்து அந்தச் சொல்லைச் சொன்னாயோ, உன்ரை சூட்டுக்குக் கடா வராது. ஆனையைக் கூப்பிட்டு மிதி” என்றார் கடாக்கார அண்ணை, எல்லாருக்கும் முன்னால்.

“நீங்கள் சொல்லாதை எண்டு சொன்னதுதான் அண்ணை பிழை. இதை வெளியாலை விடாதை எண்டு உள்ளாளுக்குச் சொன்னால் அவன் என்ன செய்வான்? அந்தச் சொல்லைக் கொண்டந்து வாசலிலை நிப்பாட்டி, நிக்குதோ, நிக்குதோ எண்டு எட்டி எட்டிப் பார்ப்பான். வாசலிலை நிக்கிறதுதானே கதவு திறந்தால் முதல் வெளியாலை வரும்?”

“எனக்கு உன்ரை உள்ளாளும் வேண்டாம், வெளியாளும் வேண்டாம்.”

ஆனால் அவர் சொன்னது மெய். நம்பாவிட்டால், இதை வாசித்து முடிக்கும்வரை பச்சை நிற எருமை ஒன்றை நினைக்காமல் இருந்து பாருங்கள்.

மனுசி தன்னுடைய வழியைச் செய்தா. களத்துக்கு வெளிக்கிட்டவரின் வாயில், கன்னம் இரண்டும் புடைக்க வெற்றிலையை அடைத்துவிட்டா. “இதைத் துப்பிப்போட்டு வந்தியளெண்டால் வீட்டுக்கு வராதையுங்கோ. ஆனையோடை போங்கோ.”

அதற்கு முதல்நாள் அவர் தன்னுடைய வழியையும் செய்திருந்தார். நான் கைகால் கழுவப் போனபோது வாய்க்கால் கரையில் குந்தியிருந்து, “காணும் காணும் காணும் காணும்” என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணை, ஆருக்குக் காணும்?”

“சும்மா இரு தம்பி. சொல்லைத் தேய்க்கிறன். நீயும் சொல்லிப் பார்.”

நானும் பக்கத்தில் குந்திச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே ஒரு விசித்திரம் நடந்தது. சொல்லுக்குள் இருந்த கருத்து எங்கேயோ போய்விட்டது. தவளை கத்துகிற மாதிரி வெறும் சத்தம்தான் மிஞ்சியது. காணும் என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் அந்த நேரம் எனக்குத் தெரியாது. “பார்த்தியே, உள்ளாளுக்கு அலுத்துப்போச்சு. இனி இதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரமாட்டான்” என்றார். வாய்க்காலில் இருந்த தவளைகள் ஏற்கெனவே மரியாதையாக வாயை மூடியிருந்தன.

அடுத்தநாள் காலை. மிதித்து முடிந்து, காற்று எழும்ப, பொலி தூற்றினோம். அப்படி ஒரு பொலி அந்தக் களத்தில் குவிந்து நான் கண்டதில்லை. கடாக்கார அண்ணை வேலையைவிட எங்கள் ஆளின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது பார்ப்பார், வரும்போது பார்ப்பார். விரலை உதட்டில் வைத்துக் காட்டுவார். எங்கள் ஆள் புடைத்த கன்னத்தோடு தலையை ஆட்டுவார். காலையிலிருந்து அந்தச் சொல் யாருடைய வாசலில் நின்றது என்று இப்போது யோசித்தால் விளங்குகிறது. அவருடையது தேய்ந்துபோன சொல். மற்றவருடையது புதுச்சொல், மெருகு குலையாதது.

சாக்கில் அள்ளுகிற நேரம். கடாக்கார அண்ணை சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். நான் கடகப் பெட்டியால் கொட்டினேன். சாக்கு நிரம்பி, வழிந்து, அவருடைய காலில் கொட்டிற்று.

“காணும், காணும்!”

களம் அப்படியே நின்றது. தூற்றினவர்கள் சுளகைத் தூக்கியபடி நின்றார்கள். எல்லாருடைய தலையும் ஒன்றாகத் திரும்பியது, எங்கள் ஆளின் பக்கம்! சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. யார் சொல்லுவார் என்று எதிர்பார்த்தார்களோ அவரிடமிருந்துதான் அவர்களுக்குக் கேட்டது. இரண்டு கன்னமும் வெற்றிலை அடைத்து, வாய் திறக்க வழியில்லாத மனிதரிடமிருந்து.

நான் கடாக்கார அண்ணையைப் பார்த்தேன். மீசை இரண்டு பக்கமும் தொங்கிப்போனது மாதிரி இருந்தது. தன்னுடைய களம், தன்னுடைய பொலி, தான் போட்ட சட்டம். சொன்னவன் இறங்கவேண்டும்; சொன்னவனுடைய சூட்டுக்குக் கடா இல்லை. மனிதர் என்னையும் பார்த்தார், எங்கள் ஆளையும் பார்த்தார்.

எங்கள் ஆள் களத்தின் விளிம்புக்கு நடந்து, அங்கால் குனிந்து, வெற்றிலையை முழுவதும் துப்பினார். துவாயால் வாயைத் துடைத்தார். திரும்பி வந்து நடுவில் நின்று, உள்ளாள்தான் சொன்னவன் என்று நான் தொடக்கத்தில் எழுதிய அந்தப் பொய்யைச் சொன்னார்.

கனகாலம் கழிந்து, கிளிநொச்சியில் ஒரு கல்யாண வீட்டில், கடாக்கார அண்ணை இந்தக் கதையைச் சொல்லக் கேட்டேன். “வாய்நிறைய வெத்திலையை வைச்சுக்கொண்டு சொன்னானெல்லே இவன்! எண்டாலும் நான் மனம் பொறுக்காமல் அடுத்தநாள் விடியவே கடாவைக் கொண்டுபோய் இவன்ரை சூட்டை மிதிச்சுக் குடுத்தனான்.” முகத்தில் ஒரு துளி கள்ளமில்லை. சத்தியம் பண்ணச் சொன்னால் கற்பூரம் அணைத்திருப்பார். அன்று களத்தில் நின்ற வேறு இருவரும், ஓம் ஓம், தாங்கள் கண்ணால் கண்டதாகத் தலையாட்டினார்கள்.

நான் கொதித்துப்போனேன். பக்கத்தில் இருந்த எங்கள் ஆள் என் தொடையில் தட்டினார்.

“அவர் பொய் சொல்லேல்லைத் தம்பி. உள்ளாள் ஒவ்வொரு முறையும் வீடு கூட்டுவான். கூட்டுறபோது குப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாய் அடுத்த வளவுக்குள்ளை தள்ளிப்போடுவான். நெடுகக் கூட்டினால் வீட்டுக்காரனுக்கே தெரியாது, அது தன்ரை குப்பையெண்டு.” பாயசத்தை ஒரு மிடறு குடித்தார். “இப்ப எனக்கும் நான்தான் சொன்ன மாதிரி ஒரு நினைப்பு. நீ வேறை மாதிரிச் சொல்லிக் குழப்பாதை.”

அதனால்தான் எழுதி வைக்கிறேன். என்னுடைய உள்ளாளும் விளக்குமாற்றோடு நிற்கிறவன்தான். பச்சை எருமை இன்னும் நிற்கிறதா?

ஆனால் அன்றைக்குக் களத்தில் அந்தப் பொய்யைச் சொன்னபிறகு எங்கள் ஆள் செய்ததில் எனக்கு ஒரு மயக்கமும் இல்லை. கண் முன்னால் இருக்கிறது. களத்தைத் தொட்டுக் கும்பிட்டார். வலக்காலை முன்வைத்து வெளியே இறங்கினார். வீட்டுக்குப் போகவில்லை. வாய்க்காலைத் தாண்டி நேரே காட்டோரத்துத் தன்னுடைய சூட்டடிக்குப் போனார். மண்வெட்டியை எடுத்துத் தன்னுடைய களத்தைச் செதுக்கத் தொடங்கினார், விடிந்தால் கடா வரப்போகிற மனிதர் மாதிரி. மனுசி தகரத்தைப் போட்டுவிட்டு, இந்தக் களம் வரைக்கும் கேட்கக் கத்திக்கொண்டு ஓடிவந்தா.

“அங்கை என்ன நடந்தது? கடா வருமெண்டு ஆர் சொன்னது உங்களுக்கு?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நீ போய் மெழுக மாட்டுச் சாணியைக் கரைச்சுக்கொண்டு வா.”

இங்கே கடாக்கார அண்ணை சாக்கின் வாயை விடாமல் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு கொத்துக்கும் ஒன்றாக, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, முதல்நாள் வாய்க்கால் கரையில் சொல்லைத் தேய்த்த மாதிரியே, “காணும்! காணும்! காணும்!” என்று கொத்திக்கொண்டே இருந்தார்.